பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு புள்ளிகள்

1

போன புதன்கிழமை அண்ணி அழைத்தார். நாவலப்பிட்டியில் பின்னேரம், இங்கே ஜெர்மனியில் மதியச் சாப்பாட்டு நேரம். அண்ணன் மண்சரிவில் இறந்து அடுத்த மாதத்தோடு ஒரு வருடம். திதியைப் பற்றிக் கேட்கத்தான் அழைக்கிறார் என்று நினைத்தேன். அது இல்லை.

"பிரதேச செயலகத்துல ஒரு கடுதாசி கேக்குறாங்கம்மா. போகச் சொல்லி நோட்டீஸ் குடுத்தும் ஏன் வீட்ட விட்டுப் போகலன்னு எழுதித் தரணுமாம். அது இல்லாம புது வீட்டுப் பட்டியல்ல பேரு வராதாம். எனக்கு எங்க எழுத வருது? நீ அரைப் பக்கம் எழுதி அனுப்பும்மா. அடுத்த வெள்ளிக்குள்ள வேணும்."

சரி அண்ணி என்றேன். அதற்குப் பிறகு சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்துவிட்டேன்.

அண்ணன் ஏன் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். நான்தான் இருக்கலாம் என்று சொன்னேன். கணக்குப் போட்டு, படம் வரைந்து, தைரியமாகச் சொன்னேன். இது அண்ணிக்குத் தெரியுமா என்று இந்த ஒரு வருடமாக எனக்குத் தெரியாது. கேட்கத் துணிவு வரவில்லை. மாதம் இரண்டு முறை பேசுவோம். மழை எப்படி, அவர் மகளின் வேலை எப்படி என்று கேட்பேன். அந்த ஒன்றை மட்டும் கேட்க மாட்டேன். இப்போது அதையே அரைப் பக்கத்தில் எழுதித் தரச் சொல்கிறார்கள். விதியைப் பார்த்தீர்களா, இத்தனை பேர் இருக்க அதை எழுத என்னைத்தான் பிடித்திருக்கிறது.

2

ஊரில் என் வேலையை யாருக்கும் என்னால் ஒழுங்காக விளக்க முடிந்ததில்லை. அண்ணன் நாவலப்பிட்டியில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவர். கடைக்கு வருகிறவர்கள், 'தங்கச்சி ஜெர்மனியில என்ன பண்ணுது?' என்று கேட்டால், 'கண்ணாடி ஆடாமப் பாத்துக்குது' என்பாராம். 'அதுக்கு ஏன் அவ்வளவு தூரம் போகணும், ரெண்டு ஆணி எறக்குனா போதுமே' என்று முதலாளி சொன்னாராம். அண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். உண்மையில் அண்ணன் சொன்ன விளக்கத்தில் பிழை ஒன்றும் இல்லை.

வடக்கில் ஒரு நகரத்தில், நிலத்துக்குக் கீழே இருக்கும் ஆய்வகம் ஒன்றில் வேலை. லேசர் வெளிச்சத்தை இரண்டாகப் பிரித்து இரண்டு வழியில் அனுப்புவோம். ஒவ்வொரு வழியின் முடிவிலும் நகத்தளவு கண்ணாடி ஒன்று, தலைமுடியை விட மெல்லிய இழையில் தொங்கும். அதில் பட்டுத் திரும்பி வரும் இரண்டு வெளிச்சத்தையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் ஒரு கண்ணாடி மற்றதை விட எவ்வளவு நகர்ந்தது என்று தெரிந்துவிடும். ஓர் அணுவின் அகலத்தை விடச் சின்ன நகர்வுகூடத் தெரியும்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. வெளிச்சம் பட்டால் பட்ட பொருளைத் தள்ளும். வெயிலில் நிற்கும் நம்மையும் வெயில் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறது, நமக்கு உறைப்பதில்லை. நகத்தளவு கண்ணாடிக்கு உறைக்கும். அளக்கப் போன வெளிச்சமே அளக்க வேண்டியதை அசைத்துவிடும். தள்ளுகிறதுதானே, அந்தத் தள்ளலையே கையாக வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் எங்கள் வித்தை. கண்ணாடி ஒரு பக்கம் போனால் வெளிச்சம் கூடித் தள்ளும், மறுபக்கம் போனால் குறைந்து விட்டுக்கொடுக்கும். கம்பி இல்லாத ஸ்பிரிங் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தத் தள்ளல் ஒரு பொடித் தாமதத்தோடுதான் வரும். தூளி ஆட்டியவர்களுக்குத் தெரியும், நிறுத்தப் போன கை கொஞ்சம் பிந்தினால் தூளி இன்னும் வீசி ஆடும். அதனால் இரண்டாவது வெளிச்சம் ஒன்றை அனுப்பி அந்த ஆட்டத்தை அடக்க வேண்டும். ஒன்று பிடிக்கும், மற்றது அடக்கும். இரண்டையும் சரியான அளவில் வைப்பது என் பொறுப்பு.

இந்த வேலைக்கு வருகிற எல்லோரும் முதல் கிழமையிலேயே படிக்கும் பாடம் ஒன்று இருக்கிறது. வெளிச்சத்தின் பிடியில் இருக்கும் கண்ணாடி அசையாது. திரையில் அதன் கோடு நேராகத்தான் ஓடும். அதைப் பார்த்து 'ஒன்றும் நகரவில்லை' என்று சொன்னால் அவருக்கு இன்னும் தொழில் தெரியாது என்று அர்த்தம். பார்க்க வேண்டியது கண்ணாடியை அல்ல. அதைப் பிடித்து வைக்க வெளிச்சம் எவ்வளவு பாடுபடுகிறது என்பதை. கீழே தரையே மெல்ல நகர்ந்துகொண்டிருந்தாலும் கண்ணாடி நிற்கும், தள்ளல் மட்டும் ஏறிக்கொண்டே போகும். தாங்கும் எல்லை நெருங்கியதும் கருவி தானாகவே எல்லாவற்றையும் தொடக்கத்துக்குக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளும். அப்போது பதிவுக் கோடு ரம்பத்தின் பல் மாதிரி வரும். மெல்ல ஏறும், சட்டென்று விழும், திரும்ப ஏறும். அப்படி ஒரு கோட்டைக் கண்டால் விழுந்த அளவுகளை எல்லாம் கூட்டிப் பார், உண்மையான நகர்வு அதுதான் என்று புதிதாக வரும் மாணவர்களுக்கு நான் பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

3

அண்ணனின் வீடு நாவலப்பிட்டிக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தின் விளிம்பில், ஏழு பேர்ச் அளவுள்ள சின்னக் காணியில் இருந்தது. நாங்கள் பிறந்தது லயத்தில், தோட்டத் தொழிலாளருக்கான வரிசை வீட்டில். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டார் இருமினால் இந்தப் பக்கம் நாங்கள் விழித்துக்கொள்வோம். நாலு பக்கமும் தன் சுவராக இருக்கும் ஒரு வீடு வேண்டும் என்பது அண்ணனின் ஆசை. கடையில் கிழிந்துபோகும் சிமெந்து மூட்டைகளைப் பாதி விலைக்கு எடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் தானே பூசிப் பூசி ஆறு வருடத்தில் கட்டி முடித்தார். பின்சுவருக்கு அப்பால் தேயிலை மலை நேரே ஏறும்.

இரண்டு வருடத்துக்கு முன், ஐப்பசி மழையில், அந்தப் பின்சுவரில் விரிசல் விட்டது. அண்ணன் வாட்ஸப்பில் படம் அனுப்பினார். உடனே அழைத்தார்.

"தங்கச்சி, பாத்தியா? கெழவன் வாய் மாதிரி இருக்கு. என்ன செய்யலாம்?"

"பயப்படாதீங்க அண்ணே. மொதல்ல அது கூடுதா, அப்படியே இருக்கான்னு பாப்போம். விரிசலுக்கு ரெண்டு பக்கமும் பென்சிலால ஒவ்வொரு புள்ளி வைங்க. சரியா பத்து சென்டிமீட்டர் இடைவெளி. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம அந்த இடைவெளிய அளந்து எனக்கு அனுப்புங்க."

"அவ்வளவுதானே? கடையில இரும்பு அடிக்கோல் இருக்கு, அதுலயே அளக்குறேன். நீ அளக்குறவளாச்சே, உனக்கு மரத்துக் கோல்ல அளந்து குடுத்தா மரியாதையா இருக்குமா?"

அன்றிலிருந்து ஒரு ஞாயிறு தவறவில்லை. எனக்குக் காலை தேநீர் நேரத்தில் படமும் அளவும் வந்துவிடும். பத்து. பத்து தசம் ஒன்று. பத்து தசம் இரண்டு. பத்து. பத்து தசம் ஒன்று. நான் அதைக் கணினியில் ஏற்றினேன். வேலை இடத்து மென்பொருளிலேயே ஒரு வரைபடம் போட்டேன். புள்ளிகள் மேலே போயின, கீழே வந்தன. மழைக்கு ஈரம் குடித்துச் சுவர் உப்புகிறது, வெயிலுக்குக் காய்ந்து சுருங்குகிறது என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் ஆய்வகத்தில் மெல்லிய, நீண்டநாள் நகர்வுகளை நாங்கள் தொல்லை என்றுதான் பார்ப்போம். எங்களுக்கு வேண்டியது வேகமான அதிர்வு. மெல்ல நகர்வதைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பார்ப்பது கைப்பழக்கம். சுவருக்கும் அதைத்தான் செய்தேன்.

வரைபடத்தை அண்ணனுக்கு அனுப்பினேன். அவர் அதைக் கடையில் எல்லோருக்கும் காட்டினாராம்.

4

இங்கே எங்கள் வீட்டில் இரண்டு தமிழ் உண்டு. கணவர் யாழ்ப்பாணம், 'ஓம், வாறன்' என்பார். நான் 'ஆமா, வர்றேன்' என்பேன். மகள் அபிக்குப் பதினாறு வயது. அவளுக்கு இரண்டும் வேண்டாம், எங்கள் இருவருக்கும் ஜெர்மன் மொழியில்தான் பதில் வரும். சின்ன வயதில் மாமாவோடு வீடியோவில் பேசுவாள். பிறகு கையை மட்டும் ஆட்டுவாள். பிறகு நான் அழைப்பதற்கு முன்பே அறைக் கதவு மூடியிருக்கும். மாமா 'அபி எங்க?' என்பார். 'படிக்கிறா அண்ணே' என்பேன். அது பாதி நாள் பொய்.

ஆனால் ஓவியம் வரைகிற பிள்ளை, கண் கூர்மை. ஒரு ஞாயிறு என் பின்னால் வந்து நின்று தேநீர்க் கோப்பையோடு அந்தப் படத்தைப் பார்த்தாள்.

"மாமா திரும்பவும் பெயிண்ட் அடிச்சாரா?" என்று ஜெர்மனில் கேட்டாள். "முந்தி அந்த இடத்தில் ஒரு கறை இருந்தது. இப்போது இல்லை. வெள்ளையும் வேறு வெள்ளை."

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. மகள் என் வேலைக்குப் பக்கத்தில் வந்து ஒரு கேள்வி கேட்டுவிட்டாளே. கதிரையை இழுத்து உட்கார வைத்து, தொலைபேசிக் கமரா வெளிச்சத்துக்கு ஏற்ப வெள்ளையை எப்படி மாற்றிக் காட்டும் என்று விளக்கினேன். முகில் நாளில் ஒரு வெள்ளை, வெயில் நாளில் ஒரு வெள்ளை, கறை கூட வெளிச்சம் கூடினால் மறைந்துபோகும் என்றேன். பத்து நிமிடம் பேசியிருப்பேன். பொறுமையாகக் கேட்டாள். கடைசியில் "ஆனால் கறை போய்விட்டதே" என்று ஒரு முறை சொன்னாள். கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். 'அண்ணே, வெள்ளையடிச்சீங்களா?' அவ்வளவுதான் கேள்வி. எனக்குத் தோன்றவே இல்லை.

5

அடுத்த ஆனியில் மழை பிடித்துக்கொண்டது. மண்சரிவு பார்க்கிற அரச அதிகாரிகள் மலையில் ஏறி இறங்கி, அந்த வரிசையில் ஏழு வீடுகளுக்கு நோட்டீஸ் கொடுத்தார்கள். மழை விடும்வரை வீட்டில் தங்கக் கூடாது, தோட்டத்தின் பழைய தேயிலை ஸ்டோரில் இடம் ஒதுக்கியிருக்கிறது என்று அதில் இருந்தது. மூன்று மொழியிலும் தெளிவாகத்தான் எழுதியிருந்தார்கள். அண்ணன் அதையும் படம் எடுத்து அனுப்பினார்.

அந்த ஸ்டோரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வேறொரு மலையில் முன்பு வீடிழந்த குடும்பங்களைத் தற்காலிகம் என்று சொல்லி அங்கே கொண்டுவந்து விட்டார்கள். பலகை அடித்துப் பிரித்த அறைகள். அந்தத் தற்காலிகத்தில் பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கூடம் போகிற வயதும் வந்துவிட்டது. அண்ணனுக்கு அதுதான் பயம்.

"அங்க போன சனம் அங்கயே கெடக்குது தங்கச்சி. வீட்ட விட்டு எறங்குனா திரும்ப ஏற விடமாட்டாங்க. தர்ஷினிக்கு வேற சம்பந்தம் பேசிட்டு இருக்கோம். நிச்சயத்துக்கு வர்றவங்கள ஸ்டோருக்கா கூட்டிட்டுப் போக முடியும்? நீ சொல்லு. உன் கணக்கு என்ன சொல்லுது?"

தர்ஷினி அவருடைய ஒரே மகள்.

நான் வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். அதற்குள் முப்பத்தைந்து, முப்பத்தாறு ஞாயிறு ஆகியிருந்தது. கோடு பத்துக்கும் பத்தரைக்கும் நடுவில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"நகரல அண்ணே. போகுது, திரும்பி வருது. சுவர் ஈரத்துக்கு உப்புது, அவ்வளவுதான்."

"அப்ப இருக்கலாங்கிறியா?"

"இருக்கலாம்."

"நோட்டீஸ் குடுத்த ஐயா சத்தம் போடுவாரு."

"அவங்க எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் குடுப்பாங்க அண்ணே. உங்க சுவர அவங்க அளந்தாங்களா?"

இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. 'இருக்கலாம்' என்பதாவது ஒரு பிழையான பதில். இது திமிர்.

அதற்கடுத்த மூன்றாவது ஞாயிறு அளவு வரவில்லை. மழைக்கு சிக்னல் இல்லை என்று நினைத்தேன். அண்ணியும் தர்ஷினியும் நிச்சயத்துக்குப் புடவை எடுக்க டவுனுக்குப் போயிருந்தார்கள். கடை மூடும் நாள் என்பதால் அண்ணன் வீட்டில் இருந்தார். நண்பகலில் மலை இறங்கியது. மற்ற ஆறு வீட்டிலும் ஆள் இல்லை, அவர்கள் ஸ்டோருக்குப் போயிருந்தார்கள். அண்ணனை அடுத்த நாள்தான் எடுத்தார்கள்.

6

இந்த நாட்டில் துக்கத்துக்கும் பட்டியல் உண்டு. கணவன், மனைவி, பிள்ளை, தாய், தகப்பன் இறந்தால் சம்பளத்தோடு இரண்டு நாள். சகோதரன் அந்தப் பட்டியலில் இல்லை. எங்கள் நிர்வாக அலுவலர் நல்ல மனிதர், படிவத்தை இரண்டு முறை புரட்டிப் பார்த்தார். மண்சரிவுக்கு அவர்கள் மொழியில் உள்ள சொல் அந்த நேரம் என் நாவில் வரவில்லை. 'என் அண்ணன் மலையில் சறுக்கிவிட்டார்' என்றுதான் சொல்லத் தெரிந்தது. 'எலும்பு முறிந்ததா?' என்று கேட்டார். இல்லை, இறந்துவிட்டார் என்றேன். அவர் மன்னிப்புக் கேட்டார். என் சொந்த விடுமுறையிலிருந்து பத்து நாள் எழுதிக்கொடுத்தார்.

நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கண்டியிலிருந்து நாவலப்பிட்டிக்கு வான் வண்டியில் போகும்போது பாதை ஓரமெல்லாம் சிவந்த மண். கம்பளை தாண்டியதும் சாரதி வண்டியை நிறுத்தி, மேலே பார்த்துவிட்டு, திரும்ப எடுத்தார். அண்ணியும் தர்ஷினியும் ஸ்டோரில், பலகை அறையில் இருந்தார்கள். பேசிய சம்பந்தம் கலைந்துவிட்டது, அவர்கள் பிறகு வரவே இல்லை.

நான் போன மூன்றாம் நாள், வந்திருந்த சனத்திடம் அண்ணி அண்ணனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பெருமையாகத்தான் சொன்னார்.

"இவ சொன்னா அவருக்கு வேதவாக்கு. ஒரு ஞாயிறு அளக்காம இருக்க மாட்டாரு. தீபாவளிக்கு விரிசல சிமெந்து போட்டு அடச்சு வெள்ளையடிச்சோம். வெள்ளையில புள்ளி மறஞ்சிருச்சு. அன்னைக்கே அடிக்கோல வச்சு, தங்கச்சி சொன்னபடி பத்து சென்டிமீட்டர்னு புதுசா ரெண்டு புள்ளி வச்சிட்டுதான் சாப்பிட ஒக்காந்தாரு. பொங்கலுக்கும் அப்படித்தான். கோயில் திருவிழாவுக்கு அடிச்சப்பவும் அப்படித்தான். மாப்பிள்ள வீட்டுக்காரங்க பாக்க வந்தப்பவும் அடச்சு, அடிச்சு, புள்ளி வச்சாரு. ஒரு தடவ கூட மறக்கல."

எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

நல்லநாள் பெரியநாளுக்கு வெள்ளையடிக்காத வீடு எங்கள் சனத்தில் உண்டா? லயத்தில் இருந்தபோதே ஒற்றை அறைக்கு அம்மா வருடம் மூன்று முறை சுண்ணாம்பு அடிப்பார். அந்த வீட்டில் வளர்ந்தவள் நான். விரிசல் விட்ட சுவரோடு அண்ணன் தீபாவளி கொண்டாட மாட்டார் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பத்து சென்டிமீட்டர் என்று சொன்ன நான், ஒரு முறை வைத்த புள்ளியை மாற்றக் கூடாது என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை, யாருக்கும் தெரியும் என்று நினைத்தேன். யாருக்குத் தெரியும்? எங்கள் ஆய்வகத்தில் இருக்கும் பத்துப் பேருக்குத் தெரியும்.

திரும்பி வரும் விமானத்தில் அந்த வரைபடத்தைத் திறந்தேன். மெல்ல ஏறி, சட்டென்று பத்தில் விழுந்து, மெல்ல ஏறி, சட்டென்று பத்தில். விழுந்த கிழமைகள் தீபாவளி, பொங்கல், திருவிழா, பெண் பார்த்த நாள். விழுந்த அளவுகளைக் கூட்டினேன். அந்தச் சுவர் ஒரு விரல் அகலத்துக்கு மேல் நகர்ந்திருந்தது, ஒவ்வொரு முறையும் முன்னதை விட வேகமாக. ஒரு மாணவன் அப்படிப் படம் கொண்டுவந்து 'ஒன்றும் நகரவில்லை' என்று சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பேன், கொஞ்சம் கேலியும் செய்திருப்பேன். எத்தனை மூட்டை சிமெந்து உள்ளே போனது என்று அண்ணியிடம் பிறகு கேட்டேன். ஆறு என்றார். ஒரு விரிசலுக்கு ஆறு மூட்டை. அந்த எண்ணை மட்டும் வாரா வாரம் கேட்டிருந்தாலே போதும், அடிக்கோலே வேண்டியதில்லை.

அபிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் 'நான் அன்றைக்கே சொன்னேனே' என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்போம். அதன் பிறகு என் கணினிக்குப் பின்னால் வந்து நிற்பதில்லை.

ஆய்வகத்துக்குத் தினமும் போகிறேன். கண்ணாடி தொங்குகிறது, வெளிச்சம் தள்ளுகிறது, கோடு நேராக ஓடுகிறது. முன்பு அந்த நேர்கோட்டைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

7

கடிதத்தை மூன்று நாள் எழுதினேன். கடைசியில் ஐந்தாறு வரிதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அண்ணியை அழைத்து வாசித்துக் காட்டினேன்.

"எனது தமையனார் அறிவித்தலை அலட்சியம் செய்யவில்லை. அளவீட்டுத் துறையில் பணிபுரியும் தங்கையாகிய என்னிடம் ஆலோசனை கேட்டார். அபாயம் இல்லை, வீட்டிலேயே தங்கலாம் என நான் கூறினேன். அக்கூற்று பிழையானது. அதை நம்பியே அவர் வெளியேறவில்லை."

புள்ளிகளைப் பற்றி எழுதவில்லை. எழுதினால் பாதிக் குற்றம் அவர் தலையில் போய் உட்காரும். அவர் நான் சொன்னதைத்தான் செய்தார்.

"இப்படி எழுதுனா பட்டியல்ல பேரு வருமா?" என்றார் அண்ணி.

"தெரியல அண்ணி."

"வராது. செயலகத்துல இருக்கிற ஆபீசர் நோனா நல்லவங்க, மொதல்லயே காதுல போட்டாங்க. நோட்டீஸ் வெளங்காம, வெவரம் தெரியாம இருந்துட்டாங்கன்னு எழுதுனா ஏத்துக்குவாங்களாம். தெரிஞ்சே இருந்தோம்னு எழுதுனா நம்ம குத்தமாயிடுமாம். மத்த ஆறு வீடும் போச்சே, நீங்க ஏன் போகலன்னு கேப்பாங்களாம். வெவரம் பத்தாத மனுசன்னு எழுதும்மா."

"அண்ணி, நான் வாசிச்சது உங்களுக்குக் கேட்டிச்சா?"

"கேட்டிச்சு. எனக்கு அன்னைக்கே தெரியும். நீ 'இருக்கலாம்'னு சொன்னப்ப நான் அடுப்புக்கிட்டதானே நின்னேன். நம்ம வீட்டுல என்னைக்கு ஃபோன காதுல வச்சிப் பேசியிருக்கோம்? புள்ளைக்குத்தான் சொல்லல. அவளுக்கு இனி நீ ஒருத்திதானே இருக்கேன்னு சொல்லல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தொலைபேசி இப்போதும் ஸ்பீக்கரில்தான் இருந்தது. அந்த ஸ்டோரில் ஒரு பலகை அறைதான் அவர்களுக்கு.

"அத்தே," என்றாள் தர்ஷினி.

"சொல்லும்மா."

"நீங்க போகச் சொல்லியிருந்தா அப்பா போயிருப்பாருதானே?"

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் பற்றிக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். சந்தேகம் ஒன்றைச் சரிபார்க்கிற மாதிரிதான் கேட்டாள்.

"போயிருப்பாரும்மா," என்றேன். "அன்னைக்கே போயிருப்பாரு."

"சரி அத்தே."

அண்ணி திரும்ப வந்தார். "வெள்ளிக்குள்ள அனுப்பிடும்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அன்றே புதிதாக எழுதினேன். அண்ணியின் பெயரில், தன் கணவர் அதிகம் படிக்காதவர் என்றும், அறிவித்தலின் உள்ளடக்கம் அவருக்கு விளங்கவில்லை என்றும், அறியாமையினால் நேர்ந்த தவறைப் பொறுத்து தனக்கும் மகளுக்கும் வீடு வழங்குமாறும் தாழ்மையுடன் கேட்டு எழுதினேன். கையொப்பம் அண்ணியுடையது. இன்று காலை செய்தி வந்தது, கடிதத்தை ஏற்றுக்கொண்டார்களாம், பட்டியலில் பெயர் இருக்கிறதாம்.

ஆகவே நாவலப்பிட்டியில் ஏதோ ஒரு அலுமாரியில், ஒரு கோப்பில், என் அண்ணன் எச்சரிக்கை விளங்காமல் செத்துப்போன மனிதராக என்றைக்கும் இருப்பார். அதை எழுதிய கையாலேயே இதையும் எழுதுகிறேன், ஊரில் இருக்கும் நீங்களாவது தெரிந்துகொள்ளுங்கள். அவருக்கு அந்த நோட்டீஸ் ஒரு வரி விடாமல் விளங்கியது. விளங்கியதால்தான் என்னிடம் கேட்டார்.